முதலில் வந்தது கை

கை உள்ளே போய்விட்டது. முழங்கைக்குச் சற்று முன்னால் ஓட்டையின் விளிம்பு சட்டையைப் பிடித்தது. பூட்டுக்காரர் தோளைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் நீட்டினார். விரல்கள் தாழ்ப்பாளைத் தேடி அலையவில்லை. நேராகப் போய்ப் பிடித்துக்கொண்டன.

“ஆச்சா?” என்றார் பின்னால் நின்ற சீல்காரர். கோர்ட்டிலிருந்து வந்தவர். அரக்கும் முத்திரையும் உத்தரவுத் தாளும் வைத்த பையை எப்போதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். “வயிறு கூப்பாடு போடுது அண்ணே.”

“இதோ.”

தாழ்ப்பாள் நகர்ந்தது. அதே நேரத்தில் புறங்கையில் ஏதோ இறங்கியது. வலிக்கவில்லை, சுட்டது. கையை உருவினார். மரத்தூள் ஒட்டிய ரத்தம் வழிந்து படியில் சொட்டியது. கதவு தானாகவே மெல்லத் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. அவள் கத்தவில்லை. கட்டைவிரல் நகம் பாதி இல்லாத அந்தக் கையை முதலில் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்களா?” என்றாள்.

சுமைகாரர்கள் இரண்டு பேர் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். வீடு காலி செய்வதில் பழகியவர்கள். அழுகிறவர்களையும் சாபம் விடுகிறவர்களையும் சுற்றிக்கொண்டு போகத் தெரியும். கத்தரிக்கோலுக்கு எட்டாமல் சுவரோரமாகப் போய், சன்னலடியில் இருந்த தையல் மெஷினைத் தூக்கிவந்து படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தார்கள். ஊசியில் நீல நூல் கோத்திருந்தது. பாதி தைத்த துணியும் மெஷினோடு சேர்ந்து தரையில் இழுபட்டு வந்தது.

மேல்மாடிக்காரர் ஒருவர் பனியனோடு இறங்கி வந்தார்.

“அடப்பாவிங்களா, யாரு வீட்டைக் காலி பண்றீங்க?”

“கோர்ட் உத்தரவு. தள்ளி நில்லுங்க.”

“யாரு பேருக்கு?”

சீல்காரர் பெயரைப் படித்தார். மேல்மாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “அந்த ஆளு பின்பக்கப் படிக்கட்டு சார். இது முன்பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே நம்பர். வெள்ளையடிச்சப்ப நம்பர் பக்கத்துல முன், பின்னு இருந்த எழுத்தையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிட்டாங்க. இங்க இந்தப் பொண்ணு தனியா இருக்கு, தையல் வேலை.”

சீல்காரரின் முகத்திலிருந்து பசி காணாமல் போனது. “மூணாவது மாடியில புதுப் பூட்டுப் போட்ட வீடுன்னு கேஸ் ஜெயிச்ச வீட்டுக்காரர் சொன்னாரே,” என்று பூட்டுக்காரரைப் பார்த்தார்.

பூட்டுக்காரர் அந்தப் புதுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தொழிலுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. இரும்பு பீரோ செய்யும் தொழிற்சாலையில் பூட்டுப் பிரிவில் இருந்தார். தொழிற்சாலையை மூடியபோது அதன் வாசலுக்குக் கடைசியாகப் பூட்டுப் போட்டதும் தான்தான் என்று சொல்லிச் சிரிப்பார். கூடச் சிரிக்க ஆள் இருக்காது. பிறகு மருந்துக் கடை ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இடம் பிடித்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, எவ்வளவு உயரமான நிலைவாசலைப் பார்த்தாலும் குனிந்துதான் நிற்பார். வீட்டுச் சாவியை மட்டும் எங்கேயாவது வைத்துவிட்டு வாசலில் நிற்பார். “ஊர்க் கதவெல்லாம் திறக்கும், சொந்தக் கதவுக்கு முன்னாடி திருடன் மாதிரி நிக்கும்,” என்பாள் மனைவி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

கோர்ட் வேலை பின்னால் வந்தது. வழக்கில் தோற்றவர்கள் காலி செய்யாத வீடுகளைத் திறந்து கொடுக்க வேண்டும். அந்த வேலையில் முதல்முறை போன வீட்டில், கதவைத் திறந்தபோது காது கேளாத ஒரு பெரியவர் ஈரத் துண்டோடு அறை நடுவில் நின்றிருந்தார். கதவையும் ஆட்களையும் பார்த்துவிட்டு, துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏனோ எல்லோரையும் கும்பிட்டார். பூட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

அதிலிருந்து இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டார். ஒன்று, வாசலைத் தாண்டுவதில்லை. திறந்து கொடுத்துவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். உள்ளே நடப்பது உள்ளே போகிறவர்கள் பாடு. இன்னொன்று, குரல் கொடுப்பது. கருவியை எடுக்கும் முன் கதவில் வாயை வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “உள்ள யாருங்க? கோர்ட்லேருந்து வந்திருக்கோம். நான் பூட்டைத் திறக்கப் போறேன். துணிமணி சரி பண்ணிக்குங்க,” என்பார். சுமைகாரர்கள் இதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். சீல்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். குரல் கொடுத்துத் திறந்த எந்த வீட்டிலும் பெரிய வம்பு வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும்.

தான் செய்வதற்குப் பூட்டுக்காரர் வைத்திருந்த சொல் ஒன்றுதான். திறப்பது. சாவி தொலைத்தவனுக்கும் அதுதான், கோர்ட்டுக்கும் அதுதான். வேறு சொல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

அந்தப் பெண் கடைக்கு வந்தது போன மாதம். சுவரைப் பார்த்தபடியே பேசினாள். கதவுக்குப் புதுப் பூட்டும் உட்புறம் தாழ்ப்பாளும் வேண்டும் என்றாள். அவரே போய்ப் போட்டுக் கொடுத்தார். வேலை முடிகிறவரை அவள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளியில இருக்கிற ஆளுகிட்ட சாவி இருந்தா?”

“பழைய சாவி இனி காதுல போட்டுக் குடையத்தான் ஆகும்.”

“தாழ்ப்பாள்?”

“அதைப் போட்டுட்டு உள்ள உட்காருங்கம்மா. நானே வந்தாலும் திறக்க முடியாது.”

வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் சொல்லும் வாசகம்தான் அது. ஆனால் அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பூட்டைச் சுற்றிப் பதிக்கும் தகட்டின் திருகாணிகளை முடுக்கும்போது, தலையிலுள்ள கீறல் எல்லாம் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்துவார். காரணம் ஒன்றும் இல்லை, பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இன்று படி ஏறும்போது, எல்லாம் ஒரே மாதிரியான கட்டிடங்கள் என்பதால், இடம் அடையாளம் தெரியவில்லை. மூன்றாவது மாடி ஏறி, பையை இறக்கி, குனிந்து பார்த்தபோது அந்தக் கீறல்கள் செங்குத்தாக நின்றன.

அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது தன் பூட்டு என்று. சுமைகாரர்களில் ஒருவன் கதவைத் தட்டினான். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அப்போது யாருடைய வீடு என்பதும் தெரிந்துவிட்டது. உத்தரவு ஆண் பெயரில் இருப்பது தெரியும். புருஷன் பேரில் வழக்கு இருக்கும், இவள் மாட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். கோர்ட்டுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தார். காலி செய்ய மனமில்லாதவர்கள் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் கேட்ட அமைதிதான்.

சீல்காரர் திருப்பத்தில் நின்று போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் கதவில் வாயை வைத்தார். வாய் திறக்கவில்லை. பேசினால் அவளுக்குக் குரல் தெரிந்துவிடும்.

பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தார். பிறகு துளைபோடும் கருவியை எடுத்து, தாழ்ப்பாளுக்கு நேராகக் கதவில் ஓட்டினார்.

சாயங்காலம் எல்லோரும் காவல் நிலையத்தில் இருந்தார்கள். எழுத்தர் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டுகிறவர். தட்டுவதைவிட அழிப்பது அதிகம். பூட்டுக்காரர் கையில் தையல் போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தையல்காரப் பெண் நாற்காலியின் நுனியில் இருந்தாள். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே கிடந்தது. கத்தரிக்கோல் மேசைமேல், பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

“ஒரே சம்பவம், ரெண்டு புகார்,” என்றார் எழுத்தர். “ஒண்ணு நிக்கும், ஒண்ணு விழும். நான் எழுதறதைக் கேளுங்கம்மா. ‘இன்று மதியம் என் வீட்டுக்குள் வந்தார்கள்.’”

“வரல.”

“வராமலா மெஷினைத் தூக்கினாங்க?”

“வந்தாங்கன்னா நான் வாங்கன்னு சொல்லியிருக்கணும் சார்.”

எழுத்தர் அழித்தார். “நுழைந்தார்கள்.”

“பூனையா நுழையறதுக்கு?”

மூலையிலிருந்த காவலர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எழுத்தருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “சரி, புகுந்தார்கள். போதுமா? வெறும் புகுந்தார்கள்னா ஒண்ணும் ஆகாதும்மா. மழை பெஞ்சா தண்ணிகூட வீட்டுக்குள்ள புகுந்துடுது, தண்ணி மேல கேஸ் போட முடியுமா? கல்யாணம் ஆகிப் போற வீட்டையே புகுந்த வீடுன்னுதான் சொல்றோம்.”

“அதுக்குத்தான் முதல்ல கேஸ் போடணும்,” என்றாள் அவள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்க சொல்ல வர்ற வார்த்தை எனக்குத் தெரியும். ‘அத்துமீறிப் புகுந்தார்கள்.’ அதைச் சும்மா தூக்கிப் போட முடியாது. உத்தரவோட வந்து, வெளியில நின்னு குரல் கொடுத்து, பதில் இல்லாம திறந்திருந்தா, அது வீடு மாறின தவறு. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க குத்தினது அப்படியே நிக்கும். கோர்ட் வேலையா வந்தவரைக் காயப்படுத்தின குத்தம். நீங்க உள்ள போகணும். குரல் கொடுக்காம, சொல்லாம கொள்ளாம கதவை ஓட்டை போட்டிருந்தா அது அத்துமீறல். அப்ப கத்தரிக்கோல் உங்களைக் காப்பாத்திக்க எடுத்தது. புரியுதா? எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு.”

“குரல் எதுவும் கேக்கல. தட்டினாங்க. மெஷினை நிறுத்திட்டேன்.”

“ஏன் பதில் சொல்லல?”

“தட்டினா நான் பதில் சொல்றதில்ல. ஆள் இருக்கிறது தெரிஞ்சிடும்.”

“யாருக்கு?”

அவள் நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். “அப்புறம் கதவுல துளை போடற சத்தம். சரியாத் தாழ்ப்பாள் இருக்கிற இடத்துல. வந்தவன் என்னைக் கட்டினவன்னா அந்த இடம் தெரிஞ்சிருக்காது. அதுதான் எனக்குப் புரியல. அப்படியே பார்த்துக்கிட்டு நின்னேன்.”

“முதல்ல உள்ள கால் வெச்சது யாரு?”

“காலில்ல. முதல்ல கைதான் வந்துச்சு.”

பூட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

சீல்காரர் அவரைத் தோளில் தட்டி வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அங்கே, ஓட்டை சைக்கிள்கள் அடுக்கியிருந்த இடத்தில், பூட்டுக்காரரின் மனைவி நின்றிருந்தாள். செய்தி எப்படியோ போயிருக்கிறது. கையில் மாற்றுச் சட்டை.

“அண்ணே, நான் போன்ல இருந்தேன்,” என்றார் சீல்காரர். “எனக்கு ஒண்ணும் கேக்கல, பார்க்கல. ஆனா நீங்க குரல் கொடுக்காம ஒரு கதவையும் தொட்டதில்லைன்னு கோர்ட்டுக்கே தெரியும். நீங்க ‘கொடுத்தேன்’னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. கொடுக்கலேன்னு வந்துச்சுன்னா, கோர்ட் படியில உங்களை அப்புறம் ஏத்த மாட்டாங்க. என் வேலையும் ஊசலாடும். எனக்கு ரெண்டு பொண்ணு.”

“அந்தம்மா?”

“மன்னிப்பு எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்க. விடலாம். யாரு கண்டா?”

சீல்காரர் உள்ளே போனார். மனைவி சட்டையைப் பிரித்துப் பிடித்தாள். ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றினார். கட்டுப் போட்ட கையை அவள்தான் மெதுவாக மாற்றுச் சட்டைக்குள் நுழைத்துவிட்டாள்.

“எவ, அந்தக் கத்தரிக்கோலா?”

“ம்.”

“நல்லாத்தான் இறக்கியிருக்கா. இன்னும் ரெண்டு விரல் தள்ளியிருந்தா இந்தக் கையோட பிழைப்பு போயிருக்கும்.” பொத்தானைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “வாயைத் திறக்காதீங்க. நீங்க திறக்கிறது கதவோட போகட்டும்.”

“நான் குரல் கொடுக்கல.”

பொத்தானில் இருந்த அவள் விரல் நின்றது. “மறந்துட்டீங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“நான் போட்ட தாழ்ப்பாள். நானே வந்தாலும் திறக்க முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். என் குரலைக் கேட்டா நான்னு தெரிஞ்சிடுமேன்னு…”

அவள் காலரைச் சரிசெய்தாள். பிறகு கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

“சொல்லியிருந்தா அவ பதில் சொல்லியிருப்பா.”

“சொல்லியிருப்பா.”

“வீடு மாறினது அங்கேயே தெரிஞ்சிருக்கும்.”

“ஆமா.”

“உங்களுக்கு வெக்கம் வந்த நேரத்தைப் பாருங்க,” என்றாள். பழைய சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “கோர்ட் வேலை போயிடுச்சுன்னா வெறும் பெட்டிச் சாவிதான். அதுவும் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“உள்ள கூப்பிடறாங்க, போங்க.” போகச் சொன்னாளே தவிர வழியை விட்டு நகரவில்லை. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். சுமைகாரர்கள் சுற்றிக்கொண்டு போவது நினைவுக்கு வந்தது.

உள்ளே எழுத்தர் காத்திருந்தார். திரையில் ‘புகுந்தார்கள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சொல் நுழையுமளவு இடம் விட்டு, அங்கே கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

“நீங்கதான் கதவைத் திறந்தீங்க. வாசல் தாண்டல. சரியா?”

“தாண்டல.”

“அப்ப புகுந்தது நீங்க இல்ல. சுமைகாரங்க. நல்லது.” அவர் விரல் விசைப்பலகைக்குப் போனது. “குரல் கொடுத்தீங்க.”

அதைக் கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை. சீல்காரர் பையை இடுக்கிக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தார். தையல்காரப் பெண் திரும்பவில்லை. அவளுடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது. இந்த ஆள் என்ன சொல்வான் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட கழுத்து.

அவருக்கு அந்த ஈரத் துண்டுக்காரர் நினைவுக்கு வந்தார். வாசலைத் தாண்டுவதில்லை என்ற பழக்கத்தை இத்தனை காலம் ஒரு யோக்கியதை மாதிரிச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம் என்று தோன்றியது. கால் வெளியே நின்றது உண்மைதான். கை உள்ளே இருந்தது.

“கொடுக்கல,” என்றார்.

எழுத்தர் நிமிர்ந்தார். “என்னது?”

“குரல் கொடுக்கல. அது அந்தம்மா வீடுன்னு எனக்குத் தெரியும். நான்தான் போன மாசம் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தேன். பேசினா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பேசல.”

“அண்ணே,” என்றார் சீல்காரர்.

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் எழுத்தர். “வாசலுக்கு வெளியே நின்ன உங்களையும் நான் உள்ள போட்டு எழுதணும்.”

“எழுதுங்க. கை உள்ள போச்சில்ல.”

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அந்த இடத்தில் ‘அத்துமீறி’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இந்த முறை அழிக்கவில்லை.

தையல்காரப் பெண் கையெழுத்துப் போட்டாள். கத்தரிக்கோல் வழக்கு முடியும்வரை இங்கேயே இருக்கும் என்றார்கள். “அதில்லாம எப்படி வேலை செய்வேன்?” என்றாள். எழுத்தர் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். வெளியே போகும்போது பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

“கதவுல ஓட்டை அப்படியே இருக்கு,” என்றாள்.

“நான் வந்து இப்பவே அடைச்சு…”

“வேண்டாம்.”

கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பினாள். “அந்தத் தாழ்ப்பாளை நம்பித்தான் நான் தூங்கிட்டிருந்தேன்,” என்றாள். திட்டுகிற குரல்கூட இல்லை. வராந்தாவில் அவருடைய மனைவியைத் தாண்டிப் போனாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பூட்டுக்காரர் கடையைத் திறந்தார். காலையில் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் போனான். பெட்டிச் சாவி தொலைத்த ஒருவர் வந்தார். இடது கையால் திறக்க நேரமாயிற்று. வந்தவர் உட்கார்ந்து காத்திருந்தார்.

சந்தைப் பக்கத்துப் பூட்டுக்காரன் ஒருவன் தையல்காரப் பெண்ணின் கதவு ஓட்டைக்குத் தகடு அடித்தான் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். தகடு போதாதென்று அவள் கதவுக்குப் பின்னால் மெஷினை நகர்த்தி வைத்திருக்கிறாளாம். அதே ஆள்தான் பின்பக்கப் படிக்கட்டில் இருந்த சரியான வீட்டையும் கோர்ட்டுக்குத் திறந்து கொடுத்தான். அங்கே இருந்தவன் முன்பே காலி செய்துகொண்டு போயிருந்தான். ஒரு வாளியும் இரண்டு செங்கலும் இருந்தன. சீல்காரர் அரக்கு வைத்துவிட்டு வந்தார்.

மதியம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். வலது கையில் கட்டு இருந்ததால் கரண்டி வைத்திருந்தாள். காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது, இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று. சாப்பிட்டுவிட்டுப் போனார். போட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் கடையைப் பூட்டினார்.